நாலாம் கட்டிலின் வாத்துகள்

பொட்டல்சாமி சைக்கிளிலிருந்து விழுந்ததில் ஞானம் ஒன்றும் கிடையாது. ஓட்டத் தெரியாது, ஆனாலும் ஓட்டிப் பார்த்தார், விழுந்தார். வலது தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வேனில் ஏற்றி, தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆண்கள் வார்டில் ஐந்தாம் கட்டில் கிடைத்தது. பாதத்திலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு.

ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் கொட்டகை போட்டு இருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தைந்து இருக்கும். சீடர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே அவரைவிட மூத்தவர்கள். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது.

ஒருவர் கோமதிநாயகம். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனதே தவிர ஆர்.ஐ.தனம் போகவில்லை. கொட்டகையில் ஒரு தேங்காய் காணாமல் போனாலும் சாட்சி விசாரிப்பார்.

இன்னொருவர் ஆவுடையப்பன். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தவர். கொட்டகையில் சமையல் அவர் பொறுப்பு.

ஆஸ்பத்திரியில் சாமிக்குத் துணையாகப் பகலில் கோமதிநாயகம், சாயங்காலத்துக்கு மேல் ஆவுடையப்பன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வருகிறவர் தலையை ஆட்டுவார். போகிறவர் தொண்டையைக் கனைப்பார். அதற்கு மேல் பேச்சுவார்த்தை இல்லை.

படுத்தே கிடந்ததில் சாமிக்கு வயிறு கட்டிக்கொண்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை ஜெபக்கனி சிஸ்டர் காலையில் கொடுத்தார். அது தெரியாமல் மத்தியானம் கோமதிநாயகம் மடியில் மறைத்துக் கொண்டுவந்த விளக்கெண்ணெயை ஊற்றினார். இரண்டுமே தெரியாமல் சாயங்காலம் ஆவுடையப்பன் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கலக்கிக் கொடுத்தார்.

"வெளியில சொல்லிராதீங்க சாமி," என்று இரண்டு பேருமே காதோடு கேட்டுக்கொண்டார்கள்.

சாமி யார் மனதையும் நோகடிக்காதவர். மூன்றையும் குடித்தார்.

மறுநாள் விடிந்ததும் நடந்ததை விவரிக்க வேண்டாம். இடுப்பு வரை மாவுக்கட்டு போட்ட மனிதர் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டால் போதும். ஜெபக்கனி சிஸ்டரும் வார்டு ஆயாவும் முகத்தைச் சுளிக்காமல் அவரைத் துடைத்து, துணி மாற்றி, பவுடர் போட்டு, புதுப்பிள்ளை மாதிரிப் படுக்க வைத்தார்கள். பிறகு சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீடர்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு என்ன குடுத்தீங்க?"

இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"குடுத்தா சொல்லிட்டுக் குடுங்க. இல்லன்னா துணி அலச நீங்க வாங்க."

திட்டு வாங்கிய இடத்திலும் கோமதிநாயகத்துக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். டாக்டரால் ஆகாதது தன் எண்ணெயால் ஆயிற்று என்று. ஆவுடையப்பனும் அன்று சிரித்த முகமாகத்தான் வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கோமதிநாயகம் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"சாமி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு."

"கேளுங்க."

"உங்களுக்குப் பணிவிடை செய்யுததுல யாரு முதல்? நானா, ஆவுடையா?"

கேலி செய்ய வேண்டாம், மனுஷனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆபீஸில் துணைத் தாசில்தார் பதவி கைக்கு எட்டும் நேரத்தில் அவருக்குக் கீழே இருந்த ஒரு பையன் அதைத் தட்டிக்கொண்டு போனான். பிரிவுபசார விழாவில் அந்தப் பையன் கையால்தான் மாலை வாங்கினார். இங்கேயும் ஒரு டீக்கடைக்காரரிடம் தோற்றுப்போனால் அவர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? 'நீங்கதான்' என்று சாமி வாயால் ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், மிச்ச ஆயுளை அதை வைத்தே ஓட்டிவிடுவார்.

சாமி வாயைத் திறப்பதற்குள் ரைஸ்மில் முதலாளி சந்தனபாண்டி உள்ளே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர். சாமியிடம் பக்தி உள்ளவர். எந்தக் காரியத்தையும் மைக்செட் வைத்துச் செய்யாவிட்டால் அவருக்குச் செய்த மாதிரி இருக்காது.

"சாமி, எங்க அம்மா பேர்ல ஒரு விருது வெச்சிருக்கேன். 'கருணைத் திலகம்'. நோயாளிகளை அன்பாப் பாத்துக்கிடுத நர்ஸ் ஒருத்தருக்கு. நாளைக்கு மத்தியானம் இந்த வார்டுலயே விழா. பொன்னாடை வாங்கியாச்சு. போட்டோவுக்கு ஆள் சொல்லியாச்சு. பேருதான் பாக்கி."

"பேரை யாரு சொல்லணும்?"

"சாமிதான் சொல்லணும். படுத்துக் கெடக்குதவங்களுக்குத்தான தெரியும்."

சாமியின் பார்வை ஸ்டூல் பக்கம் திரும்பியது.

"ஆர்.ஐ. அய்யா, நீங்க விசாரிச்சு ஒரு பேரு கொண்டுவாங்க. உங்க கேள்விக்கு அதுக்கப்புறம் பதில் சொல்லுதேன்."

கோமதிநாயகம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். விசாரணை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

முதல் சாட்சி, பக்கத்து நாலாம் கட்டில் பூதத்தான். வாத்து மேய்க்கிறவர். காலில் ஆறாத புண்.

"இங்க எந்த சிஸ்டர் ரொம்ப அன்பு?"

"அந்தப் பிள்ளதான்."

"எந்தப் பிள்ள?"

"வந்ததும் 'வாத்து இன்னிக்கு எங்க மேயுது'ன்னு கேக்குமே, அந்தப் பிள்ள. எந்த வயல்ல விட்டிருக்கு, எத்தனை முட்டை கெடச்சிருக்கும்னு சொல்லி முடிச்சாத்தான் எனக்குக் கஞ்சி எறங்கும். எம் மவன்கூட அதைக் கேட்டதில்ல."

"பேரு என்ன?"

"சிஸ்டர்."

"ஆளு எப்படி இருப்பாங்க?"

"கண்ணாடி போட்டிருப்பாங்க." பூதத்தான் நெற்றியைச் சுருக்கினார். "ராக்கஞ்சி நேரத்துல போடல. நல்ல ஒசரமாவும் இருந்தாங்க."

"கண்ணாடியக் கழட்டினா ஒசந்திருவாங்களா?"

"அது எனக்கு எப்படி அய்யா தெரியும்? வாத்தப் பத்திக் கேட்டது அதே பிள்ளதான்."

ஒரே நிலத்துக்கு நாலு பேர் பட்டா கேட்ட வழக்கையெல்லாம் கோமதிநாயகம் பார்த்திருக்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு உயரம் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

அடுத்த சாட்சி ஏழாம் கட்டில் இசக்கிமுத்து. சாரத்திலிருந்து விழுந்த பெயிண்டர். மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டு வெள்ளையடிக்கிறவருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும்.

"ஊசி போட வரும்போது, 'இந்தச் சுவத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்'னு கேப்பாங்க அய்யா. பச்சையா, மஞ்சளா, மேல ஒரு பார்டர் குடுக்கலாமான்னு நான் யோசிச்சிட்டிருப்பேன். பாத்தா ஊசி போட்டாச்சு."

"அந்த சிஸ்டர் யாரு?"

"குட்டையா, சிரிச்ச முகமா இருப்பாங்களே."

"நிச்சயமா?"

"நிச்சயம். இன்னிக்குக் காலையில மஞ்சள்னு சொன்னேன். 'நேத்து பச்சைன்னீங்க, கட்சி மாறிட்டீங்களா'ன்னு கேட்டாங்க." பெயிண்டர் நிறுத்தினார். "ஆனா இன்னிக்குக் காலையில ஊசி போட்டவங்க கண்ணாடி போட்டிருந்தாங்க."

"சரியா யோசிச்சுச் சொல்லும்."

"நான் எங்க அய்யா மூஞ்சியப் பாத்தேன்? சுவத்தையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்."

சாட்சிகளை நம்பிப் பயனில்லை என்று கோமதிநாயகம் நேரடி விசாரணையில் இறங்கினார். காலை ஷிப்டில் இருந்த ஜெபக்கனி சிஸ்டரைப் பிடித்தார்.

"நாலாம் கட்டில் வாத்தைப் பத்தி முதல்ல கேட்டது யாரு?"

"எனக்கு ரஹ்மத் சொன்னா. அவ நைட் ஷிப்ட்."

மத்தியானம் பேச்சியம்மாள் வந்தார். குட்டையான ஆள், சிரித்த முகம்.

"வாத்தா? ஜெபக்கனி அக்காதான் சொன்னாங்க."

சாயங்காலம் ரஹ்மத் வரும்வரை வீட்டுக்குப் போகாமல் வராந்தாவில் காத்திருந்தார். ரஹ்மத் உயரமான பெண். வேக வேகமாக நடந்து வந்தார்.

"பேச்சியக்கா சொன்னாங்க அய்யா. ஏன், வாத்துக்கு எதாவது ஆயிட்டா?"

கோமதிநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று பேரையும் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார். பெயிண்டரின் சுவர் விஷயமும் அப்படித்தான். யார் ஆரம்பித்தது என்று ஒருத்திக்கும் நினைவில்லை. அதைவிட ஆச்சரியம், அது தனக்கு நினைவில்லையே என்ற வருத்தம்கூட ஒருத்தி முகத்திலும் இல்லை.

மறுநாள் மத்தியானம் வார்டு வாசலில் மைக்செட் வந்து இறங்கியது. போட்டோகிராபர் வந்தார். சந்தனபாண்டி ஜரிகைப் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஐந்தாம் கட்டிலுக்கு வந்தார்.

"பேரு என்ன சாமி?"

சாமி சீடரைப் பார்த்தார். சீடர் தரையைப் பார்த்தார்.

"கிடைக்கல," என்றார் கோமதிநாயகம். பேர் இல்லை என்றால் பதிலும் இல்லை.

"கிடைக்கலன்னா? ஊரெல்லாம் சொல்லியாச்சே. இருக்குத மூணு பேருல ஒரு பேரு கிடைக்கலையா?"

அது ஷிப்ட் மாறும் நேரம். போகிற சிஸ்டர் வருகிற சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பார். கோமதிநாயகம் அதைத் தினமும் பார்த்திருக்கிறார். பெண்கள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்ததில்லை. அன்று செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் காதில் விழுந்தது.

"நாலு, பூதத்தான்," என்றார் ஜெபக்கனி. "புண்ணு கட்டியாச்சு. வாத்த மேல வயலுக்கு மாத்திட்டாங்களாம். இன்னிக்குக் கீழ வயலுன்னு கேட்டுராத, மனசு ஒடிஞ்சிருவாரு."

"மேல வயல். சரிக்கா," என்றார் பேச்சியம்மாள்.

"அஞ்சு, சாமி. வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு. கட்டுக்கு வெளிய நிக்குத கட்டைவிரல் ஆடுச்சுன்னா வலின்னு வெச்சுக்க. கூட இருக்குதவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம எதாவது குடுப்பாங்க. அவங்க மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்."

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் காலடியிலேயே கிடந்தவர் அவர். அந்தக் கட்டைவிரலை ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"சாமி, நேரமாகுது," என்றார் சந்தனபாண்டி. "யாருக்குப் போட?"

"பேசிக்கிட்டிருக்காங்கல்ல, அவங்களுக்குப் போடுங்க."

"ரெண்டு பேருல யாருக்கு?"

"உங்க கைக்கு யாரு எட்டுதாங்களோ."

சந்தனபாண்டி குழம்பிப்போய், எட்டின தோளில் போட்டார். அது ஜெபக்கனியின் தோள். போட்டோகிராபர் ஒரு படம் எடுத்தார். நாலு பேர் கைதட்டினார்கள். பூதத்தான் எதற்கென்று தெரியாமலே பலமாகத் தட்டினார்.

"நன்றி அய்யா," என்று ஜெபக்கனி கும்பிட்டார். பொன்னாடையோடு ஆறாம் கட்டிலுக்கு நகர்ந்தார். "இவருக்கு ட்ரிப்ஸ் முடியப் போகுது, பாத்துக்க."

சந்தனபாண்டி எழுதிக்கொண்டு வந்த பேச்சைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே நடந்தார். வார்டின் கடைசிக் கட்டில் வரை நடந்தார். அங்கே ஜெபக்கனி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"மருந்து அலமாரி சாவி. பி.பி. மெஷின். தெர்மாமீட்டர் ரெண்டு, ஒண்ணு சரியில்ல." தோளிலிருந்து எடுத்து மடித்தார். "பொன்னாடை ஒண்ணு."

"சரிக்கா," என்று பேச்சியம்மாள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"அம்மா, அது உங்களுக்கும்மா," என்றார் சந்தனபாண்டி. "வீட்டுக்குக் கொண்டுபோங்க."

ஜெபக்கனி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "எனக்கா? நான் வார்டுக்குக் குடுத்ததுன்னு நெனச்சேன்."

சந்தனபாண்டி பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மைக்செட்காரர் ஒரு பக்திப் பாட்டு போட்டுப் பார்த்துவிட்டு வயரைச் சுருட்டினார்.

சாயங்காலம் ரஹ்மத் வந்தார். பேச்சியம்மாள் கட்டில் கட்டிலாக ஒப்படைத்தார். மேல வயல் விஷயம் கைமாறியது. சாவி, பி.பி. மெஷின், தெர்மாமீட்டர் இரண்டு, பொன்னாடை ஒன்று. கோமதிநாயகம் இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆவுடையப்பன் தூக்குவாளியோடு வந்து தலையை ஆட்டினார். கோமதிநாயகம் தொண்டையைக் கனைத்துவிட்டு வாசல் வரை போனார். போனவர் அங்கேயே நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், திரும்பி வந்தார்.

"ஆவுடை."

ஆவுடையப்பன் தூக்குவாளியைக் கீழே போட்டுவிடப் பார்த்தார். அந்த வாயிலிருந்து தன் பேர் வந்து அவர் கேட்டதே இல்லை.

"சாமிக்கு வலி இருக்கு. இல்லன்னுதான் சொல்லுவாரு, நம்பாதீரும். கட்டைவிரல் ஆடுதான்னு பாரும். ஆடுச்சுன்னா ரஹ்மத் சிஸ்டரக் கூப்பிடும்."

"சரி," என்றார் ஆவுடையப்பன் பயந்த மாதிரி.

அடுத்ததைச் சொல்ல கோமதிநாயகத்துக்கு நேரமாயிற்று.

"தண்ணி வேணும்னு வாயால கேக்க மாட்டாரு. டம்ளரைப் பாப்பாரு. அப்பக் குடுக்கணும்."

அது அவர் வருஷக்கணக்கில் பக்கத்தில் இருந்து கண்டுபிடித்தது. ஆவுடையப்பனுக்குத் தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி வைத்திருந்தது. சொல்லி முடித்ததும் சொந்த நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்தவர் மாதிரி அவருக்கு மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது. கண்கூடக் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம், முந்தாநாள் வெளக்கெண்ணெய் குடுத்தது நான்தான்."

ஆவுடையப்பன் தூக்குவாளி மூடியைத் திறந்தார், மூடினார்.

"கடுக்காய் நான்," என்றார்.

இரண்டு பேரும் சாமி பக்கம் திரும்பவே இல்லை.

"ஆர்.ஐ. அய்யா, நானும் ஒண்ணு சொல்லிருதேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. தெனமும் மத்தியானம் சாமிக்குப் பூண்டு ரசம் வாங்கிக் குடுக்கீங்க."

"ஆமா. சத்துன்னுதான்."

"சாமிக்குப் பூண்டு ஆகாது. தலகாணிக்கு அடியில இருந்து நான்தான் தெனமும் பொறுக்கிப் போடுதேன்."

கோமதிநாயகம் சாமியைப் பார்த்தார். சாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு மட்டும் குலுங்கியது.

பக்கத்துக் கட்டிலில் ரஹ்மத் குரல் கேட்டது. "அண்ணாச்சி, வாத்து இன்னிக்கு மேல வயலா?" பூதத்தான் எழுந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

கோமதிநாயகம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டும் போக மனம் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சாமி, பேரு கொண்டுவர முடியல. தோத்துட்டேன். ஆனாலும் நான் கேட்டதுக்கு ஒரு வார்த்தை நீங்க சொல்லலாம்ல?"

"ஆவுடைகிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு சாமி."

"எங்கிட்டக் கேட்டீங்களே, அந்தக் கேள்வியை?"

கோமதிநாயகம் தன் செருப்பைப் பார்த்தார். ஆவுடையப்பன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதையும் அவருகிட்ட ஒப்படைச்சுட்டுப் போங்க," என்றார் சாமி.